வெறும் பெட்டி

ஆட்கள் வராமல் போனதற்கு நான் முதலில் குளிரைத்தான் திட்டினேன். பிறகு நேரத்துக்கு வராத பஸ்ஸைத் திட்டினேன். அதற்கும் பிறகு, கை கொஞ்சம் நிமிர்ந்ததும் வந்த வழியை மறந்துபோகிற எங்கள் சனத்தைத் திட்டினேன். என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இரண்டு மாதமாக எனக்குத் தோன்றவேயில்லை.

நான் யோகராணி. வயது ஐம்பத்திரண்டு. கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் வீடு. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் கிழமைக்கு நாலு நாள் வேலை. மிஞ்சுகிற வியாழக்கிழமையை மூன்று வருடமாக நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காலை எட்டு மணிக்கே என் கணவர் பேரின்பநாதன் அரிசி மூட்டையையும் என்னையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பெரிய குசினி இருக்கிறது. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு குழம்பு. சமைத்து முடித்துப் பின்னேரம் மூன்று மணிக்குக் கதவைத் திறப்போம்.

வருகிறவர்கள் அநேகமாகக் குடும்பக்காரர்கள். அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர்கள், ஏஜென்சி கூப்பிட்டால்தான் வேலை என்று போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள், வாடகையைக் கட்டினால் சாப்பாட்டுக்கு இழுபறிப்படுகிறவர்கள். பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். சாப்பாட்டுக்குக் கை நீட்ட வெட்கப்படுகிற சனத்தை அந்தக் கதவுக்குள் கூட்டிவர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைக்கடையாக ஏறி இறங்கினேன். கோயில் வாசலில் நின்று ஆட்களை மறித்துக் கதைத்தேன். போன ஒக்டோபரில் முப்பத்துநாலு குடும்பம் வந்தது.

மண்டபத்தை நடத்துகிறவள் மெலனி, கியூபெக் பெட்டை. ஒருதரம் பாவித்து எறிகிற சாமான் அவளுடைய மண்டபத்துக்குள் வரக்கூடாது. அதனால் நீல மூடி போட்ட பெட்டிகள் வாங்கித் தந்தாள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெட்டி, சோற்றுக்கு ஒன்று, கறிகளுக்கு ஒன்று. அடுத்த வியாழன் அவற்றைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தால் நிறைந்த பெட்டி இரண்டு கிடைக்கும். வெள்ளைக்காரருக்கு இது வெறும் பெட்டி மாற்றுகிற வேலை. எங்களுக்கு அப்படி இல்லை என்பது மெலனிக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

அனோஜினி முதல்முறை வந்தது ஒக்டோபர் நடுவில். முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது இருக்கும். புருசன் அன்டன் புவாண்ட்-கிளேர்ப் பக்கம் ஏஜென்சி மூலம் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தார். ஏழு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். வரிசையில் நிற்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். நான்தான் வலியப் போய்க் கதைத்தேன். இரண்டாம் கிழமை பெட்டிகளைத் திருப்பித் தந்தபோது ஒன்று கனத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெயில் பொரித்த வாய்ப்பன் ஏழு, இன்னும் சூடாக இருந்தன.

"என்ன பிள்ளை இது?"

"வாழைப்பழம் கனிஞ்சு போச்சக்கா. வெறும் பெட்டியை எப்பிடித் தாறது?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீடுகளில் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். இந்தக் குளிர் நாட்டில், இந்த நிலையில் வந்து நிற்கிற ஒருத்தி அதை விடவில்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். நான் அந்தப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"எல்லாரும் பாத்தீங்களோ? இதுதான் எங்கட வளர்ப்பு! வெறும் பெட்டியை நீட்டிப்போட்டு நிறைஞ்ச பெட்டி வாங்கிற சனமில்லை நாங்கள்!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வாய்ப்பனை மெலனிக்குக் கொடுத்து, முந்தி வேலை செய்த தையல் ஃபக்டரியில் பொறுக்கிய பிரெஞ்சில் விளக்கமும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னையும் பெட்டியையும் படமெடுத்துப் பெரிதாக்கிக் கதவடிச் சுவரில் ஒட்டினாள். கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: எங்கள் பெட்டிகள் ஒருபோதும் வெறுமையாகத் திரும்புவதில்லை.

அடுத்த வியாழன் பதினைந்து பெட்டி நிறைந்து வந்தது. அதற்கடுத்த வியாழன் எல்லாமே. முறுக்கு, ரோல்ஸ், கடலை, கேக். கதவடியில் ஒரு மேசை போட்டுப் பலகாரமேசை என்று பெயரும் வைத்தேன். தனியாக இருக்கிற சண்முகலிங்கம் அண்ணை கடையில் முறுக்குப் பக்கற் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஆய்வுப் படிப்புக்குத் தஞ்சாவூரிலிருந்து வந்து, எங்களுக்கு அகப்பை பிடித்து உதவுகிற பாரிஜாதம், தான் சாப்பாடு கொண்டுபோன டப்பாவைத் திருப்பித் தருமுன் அதற்குள் அவசரமாக ஒரு சொக்லேட்டைப் போட்டதைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்கக்கா. எங்க ஊர்லயும் வெறும் பாத்திரம் குடுக்க மாட்டாங்க. ஆனா நிஜமா எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

ஜனவரி வந்தது. முப்பத்துநாலு முப்பதாகி, இருபத்தாறாகி, பெப்ரவரி நடுவில் பத்தொன்பதில் வந்து நின்றது. அனோஜினியும் வரவில்லை. போன் எடுத்தேன்.

"ஏன் பிள்ளை காணேல்லை?"

"ஒண்டுமில்லை அக்கா. நாங்கள் இப்ப நல்லா இருக்கிறம். எங்கட பங்கை வேறை ஆருக்கும் குடுங்கோ."

நம்பினேன். அன்டனுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கும், ஒரு வார்த்தை சொன்னார்களா பார் என்று வீட்டில் புறுபுறுத்தேன். அதே கிழமை பாரிஜாதம், "அக்கா, ஒரு அம்மா வாசல் வரைக்கும் வந்தாங்க. மேசையைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க" என்றாள். எதையாவது வீட்டில் மறந்து விட்டிருப்பார் என்றேன். புத்தி மந்தமானவளுக்கு எத்தனை தரம் கதவைத் தட்டினாலும் கேட்காது.

மெலனி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மார்ச் முடிவுக்குள் இருபத்தைந்து குடும்பமாவது வராவிட்டால் வியாழக்கிழமைக் குசினியை வேறு குழுவுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றாள். "உங்கள் ஆட்களுக்கு இனித் தேவை இல்லைப்போல. அது நல்ல செய்திதானே, யோகா?" என்று சிரித்தாள். எனக்கும் ஒரு கணம் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

அவள் உடனேயே சிரிப்பை விட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ் கதைக்கத் தெரிந்த ஒருவரைக் கேட்டிருக்கிறார்களாம். ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவருகிறாள், ஆனால் பல நாள் திறப்பதில்லை. பசியில்லை என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். தாயோடு யாராவது கதைக்க வேண்டும். தாளில் தாயின் பெயர் இருந்தது. அனோஜினி.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன். "உமக்கேன் தேவையில்லாத வேலை? வேண்டாம் எண்டவையை விடுமன்" என்றார் பேரின்பநாதன். வானைக் கட்டடத்து வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன். எனக்கு மூன்று நாளாக இருமல். மூன்றாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

கதவைத் திறந்த அனோஜினி என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்று இருந்த ஒரே கதிரையை இழுத்துப் போட்டாள். அன்டன் வைத்தியரிடம் போயிருந்தார். வீடு துடைத்துவிட்டது போல இருந்தது, துப்பரவிலும் சரி, வெறுமையிலும் சரி. நான் சுற்றி வளைக்காமல் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "விடியப் பாண் சாப்பிட்டுத்தான் போறாள் அக்கா. மத்தியானத்துக்கு வைக்க ஒண்டுமில்லாத நாளிலையும் பெட்டியைக் கொண்டுபோறாள். பெட்டி இல்லாமல் போனால் ரீச்சர் ஏன் எண்டு கேப்பாவாம்."

"அன்டனுக்கு வேலை?"

"நவம்பரிலை முதுகு பிடிச்சிட்டுது. ஏஜென்சி பேந்து கூப்பிடேல்லை."

"நவம்பரோ! அப்ப என்ன கோதாரிக்கு எனக்கு நல்லா இருக்கிறம் எண்டு சொன்னனீ? ரெண்டு தெரு தள்ளிச் சோறு கிடக்கு. ஏன் வரேல்லை?"

நான் கத்திவிட்டேன். அவள் கண் ஒருதரம் பிரிட்ஜுக்கு மேலே போய்த் திரும்பியது. அங்கே நீல மூடி போட்ட இரண்டு பெட்டிகள் இருந்தன. எழும்பிப் போய் மேலிருந்ததை எடுத்தேன். உள்ளே ஏதோ ஆடியது. திறந்தேன். வெள்ளைக் கடதாசி விரித்து, அதன்மேல் பத்து மாரி பிஸ்கட் அடுக்கி வைத்திருந்தது.

"இது என்ன?"

"சேர்த்துக்கொண்டு வாறன் அக்கா. ரெண்டு பெட்டியிலை ஒண்டுக்காவது ஏதும் போடவேணுமெல்லே? போன மாசம் இருபது வரை சேர்ந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்திட்டுது, அவன் வேறை ஒண்டும் தின்னமாட்டனெண்டான், எடுத்துக் குடுத்திட்டன். இன்னும் கொஞ்சம் சேர்ந்தோடனை வருவன்."

"வெறும் பெட்டியை ஆர் உன்னைக் கொண்டு வரவேண்டாமெண்டது?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபம் ஒரு சொட்டும் இல்லை. "நீங்கள்தான் அக்கா."

நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்ததும், கத்தியதும், எல்லாரும் கை தட்டியதும் அப்படியே கண் முன்னால் வந்தன. கை தட்டியவர்களில் எத்தனை பேர் அடுத்த கிழமைக்கு எதைப் போடுவது என்று அந்த இடத்திலேயே யோசித்திருப்பார்கள்? வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாகக் கடைக்கடையாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்தவள், ஒரு வாய்ப்பனைத் தூக்கிக் காட்டி அவர்களை வெளியே தள்ளியிருக்கிறேன்.

அப்போது படியில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தது கீழ்மாடிப் பிரஷாந்தினி. அவளும் ஜனவரிக்குப் பிறகு வராதவர்களில் ஒருத்தி. என்னைக் கண்டதும், "அடுப்பிலை சாமான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அரக்கப்பரக்க இறங்கிப் போய்விட்டாள்.

மூத்தவளுக்கு முன்னால் பெட்டியை நீட்டினேன். "இந்தாம்மா, எடுத்துச் சாப்பிடு."

அவள் பிஸ்கட்டையும் தாயையும் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அது பெட்டி அன்ரிக்கு. நாங்கள் தொடக்கூடாது."

அந்தப் பெட்டி அன்ரி நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பெட்டியைத் திருப்பி மேலே வைத்துவிட்டு அனோஜினியைப் பிடித்துக்கொண்டேன். வெறும் பெட்டியோடு வா என்றேன். "எல்லாரும் மேசையிலை வைக்கேக்கை நான் மட்டும் எப்பிடியக்கா?" என்றாள். சரி, பின்கதவால் வா, நான் ஒருவருக்கும் தெரியாமல் தருகிறேன் என்றேன். "பின்கதவாலை வாங்கிறதெண்டால் அது களவு மாதிரி. வேண்டாமக்கா" என்றாள். அவள் சொன்னது சரி. நான் ஊருக்கு முன்னால் பூட்டிய கதவை ஊருக்கு முன்னால்தான் திறக்க வேண்டும்.

புறப்படும்போது எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. "பொறுங்கோ அக்கா" என்று உள்ளே ஓடியவள், பத்து நிமிடத்தில் மல்லித்தண்ணி அவித்து, மூடி போட்ட ஒரு சின்னச் சில்வர் சட்டிக்குள் ஊற்றித் துவாயால் சுற்றித் தந்தாள். "வீட்டை போய்ச் சுடச்சுடக் குடியுங்கோ. சட்டிக்கு அவசரமில்லை, ஆறுதலா வரட்டும்."

ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து எனக்குச் சட்டி நிறையக் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். படியில் பாதி இறங்கும்போது எனக்கு யோசனை வந்தது. திரும்ப ஏறிப் போனேன்.

"பிள்ளை, உன்ர சட்டி உனக்கு வேணுமெண்டால் வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து வாங்கு. நான் கொண்டுவந்து தரமாட்டன். என்ர பெட்டி ரெண்டையும் கொண்டு வா. அந்தப் பிஸ்கட்டைப் பிள்ளையளுக்குக் குடு. கேக்குதோ?"

அவள் பிரிட்ஜுக்கு மேலே இருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மூலைக் கடையில் பாண், பால், முட்டை, பழம் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினேன். கதவுப் பிடியில் பையைக் கொழுவிவிட்டு, மணியை அடித்துவிட்டு, இந்த வயதில் படிகளில் தடதடவென்று ஓடி இறங்கினேன். வானுக்குள் இருந்த பேரின்பநாதன் நான் ஓடி வருவதைக் கண்டு பொலிஸ் துரத்துகிறதோ என்று பயந்துபோனார். அந்தப் பை இரண்டு நாளைக்குத்தான் காணும். அதற்குள் வியாழக்கிழமை வந்துவிடும்.

புதன்கிழமை பின்னேரம் சட்டியைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். துடைத்து முடிந்ததும் கை தானாகச் சீனிப் பேணிக்குப் போயிற்று. கையை இழுத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயது வரை ஒருவருக்கும் வெறும் சட்டி கொடுத்ததில்லை. யாருடைய சட்டி நிறைய வேண்டுமோ அவளுடையதை வெறுமையாகக் கொடுக்கப் போகிறேனே என்று நினைத்துச் சட்டியை மறுபடி துடைத்தேன்.

"என்னப்பா, வெறுஞ்சட்டியையோ கொண்டுபோகப் போறீர்?" என்றார் பேரின்பநாதன்.

"ஓம்."

"ஒரு அப்பிளெண்டாலும் போடும்."

"ஒண்டும் போடமாட்டன்."

வியாழக்கிழமை காலை வானில் போகும்போது சட்டி கனக்கிற மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு அப்பிள். மனுசன் ஒன்றும் தெரியாதவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். மண்டபம் வருவதற்குள் அந்த அப்பிளை நானே கடித்துத் தின்று முடித்தேன்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தோம். மூன்றரைக்குள் பத்தொன்பது குடும்பமும் வந்துவிட்டது. வழக்கம்போல மேசை நிறைந்தது. நாலு மணி ஆயிற்று. நாலு பத்து ஆயிற்று. நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதில் பாரிஜாதம் இரண்டுதரம், "குழம்பு அடிப்பிடிக்குதுக்கா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

நாலேகாலுக்கு அனோஜினி வந்தாள். ஒரு கையில் துணிப்பை, மற்றக் கையில் மூத்தவள். மேசையைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டாள். அவள் திரும்புவதற்கு முன்னால் நான் சில்வர் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடு மண்டபத்துக்கு வந்துவிட்டேன்.

"எல்லாரும் ஒருக்கா இஞ்சை பாருங்கோ!"

சத்தம் அடங்கியது.

"எனக்கு இருமல் எண்டு அனோஜினி இந்தச் சட்டியிலை மல்லித்தண்ணி தந்தவ. நான் குடிச்சன். கழுவினன். இப்ப திருப்பிக் குடுக்கப் போறன்." மூடியைத் திறந்து சட்டியை எல்லாருக்கும் முன்னால் தலைகீழாகப் பிடித்தேன். "பாத்துக்கொள்ளுங்கோ. வெறுஞ்சட்டி. ஒரு சொட்டுச் சீனியும் போடேல்லை."

முதலில் வாய் திறந்தது சண்முகலிங்கம் அண்ணை.

"தங்கச்சி, உது சரியில்லை. வெறுஞ்சட்டியை ஆரும் குடுப்பினமோ?"

"சரியில்லைத்தான் அண்ணை. தெரிஞ்சுதான் செய்யிறன். ஒக்டோபரிலை இந்த இடத்திலை நிண்டு ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டி நான் ஒரு விசர்க்கதை கதைச்சனான். அண்டையிலிருந்து இந்தக் கதவாலை வர ஒரு கட்டணம் கட்டவேண்டியதாப் போச்சு. கட்டணம் வாங்கினது நான்தான். இண்டையோடை அது முடிஞ்சுது. இனி இஞ்சை ஆரும் பெட்டிக்குள்ளை ஒண்டும் போடக்கூடாது. போட்டுக் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்புவன். ஊர் வழக்கத்தை முறிச்ச பழி என்னோடை இருக்கட்டும்."

அண்ணை மேசையில் கிடந்த தன் முறுக்கைப் பார்த்தார். "அப்ப நான் ஒவ்வொரு கிழமையும் கடையிலை முறுக்குப் பக்கற் வாங்கினது?"

"இனி வாங்காதேங்கோ."

"இதை முந்தியே சொல்லித் துலைச்சிருக்கலாமே! நான் ராவிலை கஞ்சியைக் குடிச்சுப்போட்டெல்லோ அந்த முறுக்கை வாங்கினனான்" என்றார் அவர்.

ஒரு பெண் சிரித்தாள். பிறகு இன்னொருத்தி. சிரிக்காமல் கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். பாரிஜாதம் யாரையும் கேட்காமல் பலகாரத் தட்டுகளை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு முடித்து, மேசையின் காலை மடக்கிச் சுவரோடு சாத்தினாள். நான் கதவடிக்குப் போய் என் படத்தைக் கிழித்தேன். ஓடிவந்த மெலனி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் விட்ட பிழை படத்தோடு சுவரில் தொங்குகிறது, மெலனி. வேண்டாம்" என்று என் பிரெஞ்சில் சொன்னேன். மிச்சத்தைப் பிறகு விளக்கலாம்.

சட்டியை இரண்டு கையாலும் அனோஜினியிடம் நீட்டினேன். அவள் வாங்கினாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். நிச்சயமாக வெறுமைதான் என்று கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு துணிப்பையிலிருந்து நீல மூடிப் பெட்டிகள் இரண்டையும் எடுத்து, எல்லாரும் பார்க்க, என் கையில் வைத்தாள்.

மேலிருந்த பெட்டியைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. வெள்ளைக் கடதாசிகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசத்தில்தான். மூக்கைச் சீறிக்கொண்டு, "பாரிஜாதம், ரெண்டு பெட்டி நிறைச்சுக் குடு!" என்று கத்தினேன்.

"அக்கா" என்றாள் அனோஜினி மெல்ல. "பிரஷாந்தினியும், முந்தி இஞ்சை வந்துகொண்டிருந்த பின்வீட்டுக்காரியும் தெருமுனையிலை நிக்கினம். நான் உள்ளை போய் என்ன நடக்குது எண்டு பாத்துச் சொல்லட்டாம். கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"அந்தக் குளிருக்கை நிக்க விட்டிட்டோ நிக்கிறாய்? ஓடு!"

அவள் ஓடினாள். பத்தொன்பதோடு மூன்று, இருபத்திரண்டு. மெலனியின் கணக்குக்கு இன்னும் மூன்று குடும்பம் வேண்டும். வராமல் போன எல்லாருடைய விலாசமும் என்னிடம் இருக்கிறது, வானுக்குப் பெற்றோலும் இருக்கிறது. நாளைக்கே தொடங்கலாம் என்று முடிவெடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மூத்தவள் என் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். நிமிர்ந்து என் முகத்தையும் கையிலிருந்த வெறும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் அந்த அன்ரி என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"பெட்டி அன்ரி" என்றாள். குரல் கேட்கவே இல்லை. நான் குனிந்தேன். "பிஸ்கட் முழுக்க நாங்கள் சாப்பிட்டிட்டம். தம்பி நாலு. நான் ஆறு."

"ருசியா இருந்ததோ?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு, இனி ஏச்சு விழாது என்று தெரிந்ததும், தோளில் கிடந்த பள்ளிக்கூடப் பையைக் கழற்றித் தன் மத்தியானப் பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, வெறுமையாகவே என் முன்னால் நீட்டினாள்.